லிமாவில் ஐந்து நாள், அப்பாவோடு: எங்கே தொடங்குவது?

அலைமகள்

வணக்கம் நண்பர்களே. அக்டோபர் 16 முதல் 20 வரை பெருவின் தலைநகர் லிமாவில் இருக்கப் போகிறோம். நானும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்கு 69 வயது. முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர், இப்போது ஹூஸ்டனில் என் வீட்டில் ஆறு மாதம் இருக்க வந்திருக்கிறார். ஸ்பானியர் வருமுன் பெருவை ஆண்ட இன்காக்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருந்த ஒரே ஒரு பத்தியை இத்தனை வருடம் நடத்தினேன், அந்த மண்ணை ஒரு தடவை மிதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். அன்றைக்கே டிக்கெட் தேட ஆரம்பித்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், இன்காக்களின் தலைநகராக இருந்த குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதால் மருத்துவர் அந்த உயரம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் குஸ்கோ வழியாகப் போகும் இன்கா மலை நகரம் மாச்சு பிச்சுவும் இல்லை. லிமா மட்டும்தான். ஆனால் யாரைக் கேட்டாலும் லிமாவில் ஒரு ராத்திரி போதும், அது விமானம் மாறுகிற ஊர் என்றே சொல்கிறார்கள். அப்பாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

உண்மையாகவே வரலாறு தெரிந்துகொள்ள வருகிற ஒருவருக்கு ஐந்து நாள் நிறைய விஷயம் இருக்கிறதா? எங்கே தொடங்கலாம்? அப்பா மெதுவாக இரண்டு மூன்று கிலோமீட்டர் நடப்பார், படிக்கட்டு என்றால் நின்று நின்றுதான் ஏறுவார். சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். எங்கள் இருவருக்குமே ஸ்பானிஷ் தெரியாது.

தென்திசை

வேலைக்காக மூன்று வருடம் லிமாவில், மிராஃப்ளோரஸ் பகுதியில் குடியிருந்தவன் நான். ஒரு ராத்திரி போதும் என்பவர்கள் விமான நிலையத்தில் இறங்கி ஹோட்டலில் தூங்கிவிட்டு மறுபடி விமான நிலையத்துக்குப் போனவர்கள். அவர்கள் பேச்சை விடுங்கள். ஐந்து நாளும் உங்களுக்குப் போதாது.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் போவதைப் போல முதல் நாளே பழைய நகரத்தின் நடுச் சதுக்கமான பிளாசா மயோருக்குப் போகாதீர்கள். அங்கே தொடங்கினால், 1535 ஜனவரி 18 அன்று ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ வந்து நகரத்தை நிறுவியதில் இருந்துதான் லிமாவின் கதை ஆரம்பம் என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் உட்கார்ந்தது, அதைக் கழற்ற ஒரு வருடம் ஆனது. அவர் வருவதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்த ஆற்றுப் படுகையில் ஆட்கள் வாய்க்கால் வெட்டி, பருத்தியும் சோளமும் போட்டு, கோயில் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். ஊரின் பெயரே ஆற்றின் பெயர்தான். இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியில் ரிமாக் என்றால் பேசுபவன், அது மருவித்தான் லிமா. பிசாரோ வைத்த பெயர் அரசர்களின் நகரம். அந்தப் பெயர் ஏட்டில் நின்றுவிட்டது, ஆற்றின் பெயர்தான் ஊருக்கு நிலைத்தது.

அதனால் வாக்கா புக்யானாவில் தொடங்குங்கள். மிராஃப்ளோரஸில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. வாக்கா என்றால் புனிதமான இடம். தூரத்தில் இருந்து பார்த்தால் பெரிய மண்மேடு போலத் தெரியும், ஏமாந்துவிட்டோமோ என்று கூடத் தோன்றும். பக்கத்தில் போனால்தான் அத்தனையும் கையால் பிசைந்து செய்த பச்சைச் செங்கல் என்று தெரியும், சுடாத மண்கல், அதையும் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக, அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல வரிசை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கற்களுக்கு நடுவில் சின்ன இடைவெளி உண்டு. நிலம் நடுங்கும்போது ஒவ்வொரு கல்லும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், சுவர் பிளக்காது. சுமார் கி.பி. 200இல் இருந்து 700 வரை வாழ்ந்த மக்கள் கட்டியது, அவர்களை லிமா பண்பாடு என்றே ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். இன்காக்கள் வந்ததோ இதற்கெல்லாம் பல நூற்றாண்டுக்குப் பிறகு. 1981இல் முறையான அகழாய்வு தொடங்கும் வரை இந்த இடம் குப்பை கொட்டவும் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகவும் பயன்பட்டது என்று அங்கே வழிகாட்டி சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள், ஆங்கிலத்திலும் உண்டு, ஒரு மணி நேரம் ஆகும். சரிவுப் பாதை, அப்பா சமாளித்துவிடுவார். சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு பார்க்கும் ஏற்பாடும் வாரத்தில் சில நாள் இருக்கிறது. விமானத்தில் வந்த அன்று மாலை அதற்குப் போனால் அலைச்சலும் தெரியாது.

மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஊர்க்குருவி

மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். நான் ஜூலையில் போனேன். நாலு நாளும் ஒரு தடவை கூடச் சூரியனைப் பார்க்கவில்லை. வெள்ளைத் துணியால் ஊரையே மூடியது போல வானம், மழையும் இல்லை, வெயிலும் இல்லை, துணி காயவே காயாது. வாகன நெரிசலும் சாதாரணமானது இல்லை, பத்து கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார்ந்தேன். லிமாவில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு அரெகிப்பாவுக்கு விமானத்தில் போய் வாருங்கள். உயரம் 2,300 மீட்டர்தான், வெள்ளை எரிமலைக் கல்லில் கட்டிய நகரம், நல்ல வெயில். அப்பாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

மண்கோட்டை

ஊர்க்குருவி சொல்லும் வானம் உண்மை. லிமாக்காரர்களே அதைக் கழுதை வயிறு என்றுதான் சொல்வார்கள், அந்தச் சாம்பல் நிறம்தான். கடலில் தெற்கில் இருந்து வருகிற ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது, அதன் மேல் மேகம் தாழ்வாகக் கவிந்து நிற்கும், ஆனால் மழையாக இறங்காது. கரூவா என்கிற பிசுபிசுத் தூறல் மட்டும். அக்டோபரில் கொஞ்சம் விலக ஆரம்பிக்கும், டிசம்பருக்கு மேல்தான் நல்ல வெயில். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த மழையில்லாத வானம் இருப்பதால்தான் 1,500 வருடத்து மண்சுவர் இன்றைக்கும் நிற்கிறது. நம் ஊரில் ஒரு ஐப்பசிக்குத் தாங்குமா? ஒரு கோடிப் பேர் பாலைவனத்தில் வாழும் நகரம் அது. அந்த வானத்தைக் குறையாக எடுத்துக்கொண்டால் ஊர் புரியாது.

அரெகிப்பா அருமையான ஊர்தான், ஆனால் 69 வயதில் ஸ்டென்ட் வைத்தவரை அவசரமாகக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டாம் என்பது என் எண்ணம்.

அலைமகள், நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்களா தெரியவில்லை. உங்கள் தேதிகள் மிகவும் முக்கியமானவை. அக்டோபர் 18, 19 அற்புதங்களின் ஆண்டவர் ஊர்வலம், சிலுவையில் இருக்கும் இயேசுவின் ஓவியத்தைத் தெருத்தெருவாகச் சுமந்து போவார்கள். தென் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய ஊர்வலங்களில் ஒன்று, லட்சக்கணக்கில் கூட்டம், எல்லாரும் ஊதா உடை. அந்த இரண்டு நாளும் பழைய நகரத்துக்குள் வண்டி நகராது. எனவே பழைய நகரத்தை 17ஆம் தேதியே காலையில் பார்த்துவிடுங்கள்.

பிளாசா மயோரில் எல்லாரும் அரண்மனையையும் மஞ்சள் கட்டடங்களையும் படம் எடுப்பார்கள். நீங்கள் முதலில் பக்கத்தில் இருக்கும் சாந்தா ரோசா சந்துக்குப் போங்கள். அங்கே ஒரு பெரிய, செதுக்காத பாறை நிறுத்தி வைத்திருக்கிறது. ஸ்பானியர் வந்தபோது இந்தப் பள்ளத்தாக்கை ஆண்ட தௌலிசூஸ்கோ என்ற தலைவரின் நினைவுக்கு. இப்போது அரசு மாளிகை இருக்கும் இடம் அவருடைய வீடு இருந்த இடம். பிசாரோவின் குதிரைச் சிலை வெகுகாலம் சதுக்கத்தின் ஓரத்தில் இருந்தது, 2003இல் அதை அங்கிருந்து எடுத்து ஆற்றோரப் பூங்காவுக்கு மாற்றினார்கள், பிறகு 2025 ஜனவரியில், நகரத்தின் 490ஆம் ஆண்டு விழாவில், மறுபடி அந்தச் சதுக்கத்துப் பக்கமே கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குச் சண்டை நடந்தது, இன்னும் நடக்கிறது. சிலை எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு ஊர் ஐந்நூறு வருடம் கழித்தும் சண்டை போடுகிறது என்றால் அங்கே வரலாறு பாடப்புத்தகத்துக்குள் அடங்கவில்லை என்று அர்த்தம். உங்கள் அப்பாவுக்கு இது பிடிக்கும்.

பேராலயத்துக்குள் பிசாரோவின் கல்லறை. அதிலும் ஒரு கதை. அவரை 1541 ஜூன் 26 அன்று அவருடைய எதிர்க் கூட்டத்து ஸ்பானியரே வீடு புகுந்து குத்திக் கொன்றார்கள். 1891இல் இருந்து ஒரு பதப்பட்ட உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து இதுதான் பிசாரோ என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். 1977இல் நிலவறையில் வேலை செய்தவர்கள் ஓர் ஈயப் பெட்டியைக் கண்டுபிடித்தார்கள், உள்ளே மண்டையோடு, மேலே இது பிசாரோவின் தலை என்ற எழுத்து. எலும்பில் வாள் காயங்களும் பொருந்தின. அதுவரை எண்பத்தாறு வருடம் மக்கள் பார்த்தது வேறு யாரோ ஒருவரை.

அந்தப் பேராலயத்தில் தலையைத் தூக்கி மேல்வளைவைப் பாருங்கள். கல் போல இருக்கும், கல் இல்லை. 1746 அக்டோபர் 28 நிலநடுக்கத்தில் லிமா தரைமட்டமானது, காயாவ் துறைமுகத்தைக் கடல் வந்து வாரிக்கொண்டு போனது, அங்கே இருந்த ஐயாயிரம் பேரில் சுமார் இருநூறு பேர்தான் பிழைத்தார்கள். அதன் பிறகு மேல்தளத்தைக் கனமாகக் கட்டக்கூடாது என்று முடிவானது. மரச் சட்டம், நாணல் தட்டி, மேலே மண் பூச்சு. கின்ச்சா என்பார்கள். நம் கிராமத்துத் தட்டிச் சுவர் அதேதான். ஸ்பெயினில் இருந்து வந்த கட்டடக் கலையை இந்த மண்ணின் பழைய பழக்கம் திருத்திவிட்டது.

சான் பிரான்சிஸ்கோ மடத்தையும் விடாதீர்கள். கீழே நிலவறைகளில் சுமார் 25,000 பேரைப் புதைத்திருப்பார்கள் என்று கணக்கு, 1808இல் ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டம் திறந்த பிறகுதான் அந்த வழக்கம் நின்றது. எலும்புகளை வட்டமாக, பூக்கோலம் போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த கூரை, குனிந்து போக வேண்டும், காற்று குறைவு. அப்பாவுக்கு ஒரு மாதிரி இருந்தால் மேலே முற்றத்திலும் பழைய நூலகத்திலும் உட்கார வைத்துவிடுங்கள், அங்கேயும் 25,000 புத்தகம் இருக்கிறது.

செம்பருத்தி

சாப்பாட்டை நான் சொல்கிறேன், சுத்த சைவமான என் மாமியாரோடு பதினைந்து நாள் பெருவில் சுற்றியவள் நான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. அங்கே கார்னே இல்லாமல் என்று சொன்னால் மாட்டிறைச்சி இல்லாமல் என்று மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள், கோழி போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை, அந்தச் சொல்லுக்கு அவர்களிடம் அதுதான் பொருள். நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூப்பில் எலும்புத் தண்ணீர் இருக்கும், அதையும் தனியாகக் கேளுங்கள்.

ஆனால் கவலை வேண்டாம், இது உருளைக்கிழங்கு பிறந்த நாடு. லிமாவிலேயே 1971இல் தொடங்கிய பன்னாட்டு உருளைக்கிழங்கு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஆயிரக்கணக்கான ரகங்களைப் பாதுகாக்கிறார்கள். பாப்பா ஆ லா வாங்காயினா கேளுங்கள், வேகவைத்த கிழங்கின் மேல் மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்து ஊற்றியது. கௌசா என்று ஒன்று, பிசைந்த கிழங்கில் எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துக் குளிரக் குளிர அடுக்கி வைப்பது, நடுவில் மீனுக்குப் பதில் வெண்ணெய்ப்பழம் வைக்கச் சொல்லுங்கள். தாக்கு தாக்கு என்பது மீந்த சோறும் பயறும் சேர்த்துக் கல்லில் முறுக விட்டது. ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சமையலில் இருந்து வந்தது. என் மாமியார் அதைச் சாப்பிட்டுவிட்டு, மீந்ததை வீணாக்காத கை எந்த ஊரிலும் ஒரே கைதான் என்றார்கள்.

மதிய நேரத்தில் சின்னக் கடைகளில் மெனு என்று பலகை போட்டிருப்பார்கள். சூப், ஒரு சோற்றுத் தட்டு, குடிக்க ஏதாவது, எல்லாம் சேர்த்து ஒரு விலை. திங்கட்கிழமை என்றால் பெரும்பாலும் பயறு, அது அங்கே வீட்டு வழக்கம். குடிக்க சிச்சா மொராதா வாங்குங்கள், ஊதாச் சோளத்தைப் பட்டை, கிராம்பு, அன்னாசித் தோலோடு கொதிக்க வைத்தது.

அப்புறம் சீஃபா. சீன உணவகத்துக்கு அங்கே அதுதான் பெயர், தெருவுக்கு ஒன்று இருக்கும். காய்கறி போட்ட அர்ரோஸ் சௌஃபா கேட்டால் நம் வயிற்றுக்குச் சௌகரியமான சோறு கிடைக்கும். ஆனால் அந்தச் சோற்றுக்குப் பின்னால் இருப்பது லேசான கதை இல்லை. 1849 முதல் 1874 வரை சுமார் ஒரு லட்சம் சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து கரும்பு, பருத்தித் தோட்டங்களிலும் கடற்பறவை எச்சம் வெட்டுகிற தீவுகளிலும் போட்டு வேலை வாங்கினார்கள். 1854இல் ஆப்பிரிக்க அடிமைமுறையை ஒழித்த நாடு, அந்த இடத்தில் இவர்களை வைத்தது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் நம் ஆட்கள் போன கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்து தப்பியவர்கள் லிமாவின் கப்போன் தெருவில் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். இன்றைக்கு லிமாவில் எல்லா வீட்டிலும் இஞ்சிக்குக் கியோன், சோயா சாற்றுக்குச் சியாவ் என்று சீனப் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஸ்பானிஷில் வேறு சொல் இருந்தும்.

பழம் சொல்லாமல் விட முடியாது. சுர்கியோ சந்தைக்குப் போங்கள். சிரிமோயா நம் சீத்தாப்பழத்தின் அக்கா. லூக்குமா வேகவைத்த சர்க்கரைவள்ளி போல இருக்கும், அதில் ஐஸ்கிரீம் போடுவார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை என்றால் ராத்திரி தெருவோரத்தில் பிக்காரோன் வாங்கிக் கொடுங்கள், பூசணியும் சர்க்கரைவள்ளியும் பிசைந்து வளையமாகப் பொரித்துப் பாகு ஊற்றித் தருவது.

தென்திசை

நேற்று பாதியில் விட்டதைத் தொடர்கிறேன்.

அலைமகள், உங்கள் அப்பா இன்கா மண்ணை மிதிக்க வேண்டும் என்றார் அல்லவா? அதற்குக் குஸ்கோ வரை ஏற வேண்டியதில்லை. லிமாவில் இருந்து தெற்கே 30 கிலோமீட்டர் சொச்சத்தில் பச்சகாமாக் இருக்கிறது, கடலோரம், உயரப் பிரச்சினை இல்லை. இன்காக்களுக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே அது குறி கேட்கும் கோயில், நிலநடுக்கத்தின் தெய்வம், மலையில் இருந்தும் கடலோரத்தில் இருந்தும் மாதக்கணக்கில் நடந்து வருவார்கள். இன்காக்கள் படையெடுத்து வந்தபோது அந்தக் கோயிலை இடிக்கவில்லை, பக்கத்தில் உயரமான மேட்டில் தங்கள் சூரியன் கோயிலைக் கட்டினார்கள். 1533இல், ஸ்பானியர் சிறைபிடித்திருந்த இன்கா அரசர் அத்தவால்ப்பாவை விடுவிக்கப் பொன் தேடி பிசாரோவின் தம்பி எர்னாந்தோ அங்கே வந்தார், கருவறைக்குள் புகுந்தார், உள்ளே ஒரு மரச் சிலை மட்டும் இருந்ததைப் பார்த்து இடித்துப் போட்டார். 1938இல் அங்கே ஒரு செதுக்கிய மரச் சிலை கிடைத்தது, அந்த இடத்து அருங்காட்சியகத்திலேயே வைத்திருக்கிறார்கள். அரைநாளுக்கு ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள், சிதைவுகளுக்கு நடுவே வண்டிப் பாதை போகிறது, அப்பா எல்லா இடத்திலும் இறங்கி நடக்கத் தேவையில்லை. சூரியன் கோயிலுக்கு மட்டும் ஏறட்டும், நின்று நின்று. மேலே இருந்து கடலும் இரண்டு தீவும் தெரியும்.

இன்னொரு நாள் லார்கோ அருங்காட்சியகம். 1926இல் ரஃபாயேல் லார்கோ ஓய்லே தொடங்கியது, இப்போது ஒரு பழைய மாளிகையில் பூச்செடிகளுக்கு நடுவில் இருக்கிறது. இன்காக்களுக்கு முன்பு வடக்குக் கடலோரத்தில் வாழ்ந்த மோச்சே மக்கள் செய்த முகக் குடங்களைப் பாருங்கள், நேற்று தெருவில் பார்த்த ஆளின் முகம் போல இருக்கும். மற்ற இடங்களில் பூட்டி வைக்கும் கிடங்கை இங்கே திறந்தே வைத்திருக்கிறார்கள், தரையில் இருந்து கூரை வரை பல்லாயிரம் குடங்கள். காமம் சார்ந்த பழைய மண்பாண்டங்கள் தனிக் கட்டடத்தில் இருக்கின்றன, அப்பாவோடு போவதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

அங்கே கிப்பு இருக்கிறது, முடிச்சுக் கயிறு. இன்காக்களுக்கு எழுத்து கிடையாது, கணக்கெல்லாம் கயிற்றில். ஒரு முதன்மைக் கயிற்றில் இருந்து கிளைக் கயிறுகள் தொங்கும். முதன்மைக் கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் முடிச்சுகள் பெரிய இடமதிப்பு, கீழே வர வர நூறு, பத்து, ஒன்று. நூறிலும் பத்திலும் ஒற்றை முடிச்சுகளை எண்ண வேண்டும். கடைசி ஒன்றாம் இடத்தில் மட்டும் ஒரே நீள முடிச்சு, அதில் எத்தனை சுற்று என்று பார்க்க வேண்டும். எண் ஒன்றுக்கு எட்டு வடிவ முடிச்சு. ஒன்றும் இல்லாத வெறும் இடைவெளி பூஜ்யம். மேலே இரண்டு முடிச்சு, நடுவில் நாலு, கீழே மூன்று சுற்று என்றால் 243. அப்பாவிடம் இதை முதலிலேயே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

போக்குவரத்துக்கு ஒரு வார்த்தை. பர்ராங்கோ, மிராஃப்ளோரஸ் பகுதிகளில் இருந்து பழைய நகரத்துக்கு மெத்ரோப்போலித்தானோ பஸ் தனிப்பாதையில் போகிறது, கார் நெரிசலில் நிற்கும்போது அது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே அட்டையை இருவருக்கும் தட்டலாம். காலை பத்து மணிக்கு மேல் ஏறுங்கள், பெரியவர்களுக்கு இடமும் விடுவார்கள். தெருவில் கைகாட்டி டாக்சி பிடிக்காதீர்கள், செயலியில் கூப்பிடுங்கள். கார் ஜன்னல் திறந்திருக்கும்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். எனக்கு ஒரு சிக்னலில் பறிபோனது, மூன்று வருடப் படங்களும் அதோடு போயின.

அலைமகள்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். பச்சகாமாக் வந்த இடத்தில் என்னை நிறுத்தி, இன்னொரு தடவை படி என்றார். இப்போது வீட்டில் இருக்கும் துணி காயப் போடும் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

இரண்டு கேள்வி மட்டும். ஊர்வலத்தை அப்பாவோடு பார்க்க முடியுமா, இல்லை அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லதா? அப்புறம் 1980க்குப் பிறகு நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரு அருங்காட்சியகம் இருப்பதாகப் படித்தேன். விடுமுறையில் போய்ப் பார்க்கிற இடமா அது என்று தயக்கமாக இருக்கிறது.

மண்கோட்டை

ஊர்வலத்தின் உள்ளே போக வேண்டாம், ஓரத்தில் நின்று பாருங்கள். காலையில் சீக்கிரம், அந்த ஓவியம் இருக்கும் நஸரேனாஸ் கோயிலுக்கு இரண்டு மூன்று தெரு தள்ளி ஒரு நிழலான இடம் பிடித்து, திரும்பி நடக்கும் வழியை முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தில் வரும் ஓவியத்தின் மூலப் படம், 1651இல் அங்கோலாவில் இருந்து கொண்டுவரப்பட்ட ஒரு அடிமை மண்சுவரில் வரைந்த சிலுவைக் காட்சி. 1655 நிலநடுக்கத்தில் சுற்றிலும் எல்லாம் விழுந்தும் அந்தச் சுவர் மட்டும் நின்றது. அதிகாரிகள் அழிக்க முயன்றும் மக்கள் விடவில்லை. அந்தச் சேரியின் பெயர் பச்சகாமியா, பச்சகாமாக்கில் இருந்து பெயர்ந்து வந்த மக்கள் இருந்ததால் அந்தப் பெயர். நிலநடுக்கத்துத் தெய்வத்தின் ஊர்ப் பெயரைத் தாங்கிய இடத்தில், நிலநடுக்கத்தில் விழாத சுவரைக் கும்பிடுகிறார்கள். நீங்கள் பச்சகாமாக்குக்கு முன்பே போய்விட்டு வந்து இதைப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். முன்னால் பெண்கள் சாம்பிராணிச் சட்டி ஏந்திப் போவார்கள், அப்பாவுக்கு அந்தப் புகை ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் பாருங்கள்.

செம்பருத்தி

அந்த மாதம் முழுவதும் துர்ரோன் தெ தோஞ்யா பேப்பா விற்பார்கள், சோம்பு மணக்கும் மாவுக் குச்சிகளைப் பாகில் ஒட்டி, மேலே வண்ண மிட்டாய் தூவியது. சில கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தென்திசை

அந்த அருங்காட்சியகத்தின் பெயர் நினைவின் இடம். மிராஃப்ளோரஸ் கடலோர மலைச்சரிவில், 2015இல் திறந்தார்கள், கட்டணம் இல்லை. 1980 முதல் 2000 வரை ஒளிரும் பாதை என்ற மாவோயிய ஆயுத இயக்கமும் அரசுப் படைகளும் மோதியதில் சுமார் 69,000 பேர் இறந்திருப்பார்கள் என்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2003இல் கணித்தது. பதிவானவர்களில் நாலில் மூன்று பேர் கெச்சுவா அல்லது வேறு பூர்வகுடி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். லிமாவில் இருந்தவர்கள் பலருக்கு, 1992 ஜூலை 16 அன்று மிராஃப்ளோரஸின் தராத்தா தெருவில் குண்டு வெடித்து 25 பேர் இறந்த பிறகுதான் அது தங்கள் நாட்டில் நடக்கும் போர் என்று உறைத்தது. எனக்கு அதைச் சொன்னவர் எங்கள் கட்டடத்துக் காவலாளி, ஆயக்கூச்சோ மலைக்காரர், சின்ன வயதில் தப்பி ஓடிவந்தவர்.

லிமாவின் பாதி ஊர் அப்படி வந்தவர்களுடையது. தெற்கே வியா எல் சால்வதோர் 1971இல் மணல்மேட்டில் பாய்த் தட்டி நட்டு உட்கார்ந்தவர்கள் கட்டிய ஊர். தெரு, பள்ளி, பொதுச் சமையல்கூடம் எல்லாம் அவர்களே போட்டது. அங்கே பெண்களைத் திரட்டிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் திட்டத்தை நடத்திய மரியா எலேனா மொயானோவை 1992 பிப்ரவரியில் ஒளிரும் பாதை ஆட்கள் கொன்றார்கள். அவருக்கு வயது 33.

என் கருத்து, போங்கள். உங்கள் அப்பா வரலாறு நடத்தியவர். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அன்றைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வெளியே வந்ததும் கடல் இருக்கிறது, பேசாமல் கொஞ்ச நேரம் அங்கே உட்காரலாம்.

அலைமகள்

ஊர் திரும்பிவிட்டோம். நீண்ட பதிவு பிறகு எழுதுகிறேன், இப்போது இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சொன்ன வரிசையிலேயே போனோம். பச்சகாமாக்கில் சூரியன் கோயிலுக்கு ஏற அப்பாவுக்கு நாற்பது நிமிடம் ஆனது. மேலே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஊர்வலத்தை ஒரு மணி நேரம் பார்த்தோம், பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் தன் மடக்கு நாற்காலியை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டார், ஒரு வார்த்தை கூட எங்களுக்குப் பொது இல்லை.

லார்கோவில் கிப்பு இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அப்பா மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு கயிற்றை மேலிருந்து கீழே விரலால் காற்றில் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு திரும்பி என்னிடம், நூற்று முப்பத்தாறு, எழுதிக்கொள் என்றார்.